ஆயாம்மாவின் வாசலில் நின்ற ஜீப்

எங்கள் தோட்டத்தில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், யார் செய்தது என்று தேடி அலையவேண்டிய சிரமம் யாருக்கும் இருந்ததில்லை. பிள்ளைக்காம்பரா ஆயாம்மா "நாந்தாங்க" என்று சொல்லிவிடுவார். விசாரிக்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்டதைப்போல ஓர் அடி முன்னால் வேறு வருவார்.

தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குத்தான் எங்கள் பக்கம் பிள்ளைக்காம்பரா என்று பெயர். தகரக் கூரை, நாலைந்து தொட்டில், சுவரில் யாரோ வரைந்த ஒரு யானை. அந்த யானைக்கு ஒரு கண்தான் இருந்தது. மற்றக் கண்ணைப் பிள்ளைகள் நகத்தால் சுரண்டித் தின்றுவிட்டன. தோட்டத்தை நடத்தும் துரை ஒருநாள் பார்வையிட வந்து, "இது யாரு வேலை?" என்று கேட்டபோது ஆயாம்மா அதற்கும் "நாந்தாங்க" என்றார். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் சுவரிலிருக்கும் யானையின் கண்ணை எதற்காகச் சுரண்டினாள் என்று துரை யோசிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆயாம்மாவின் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை எங்கள் தோட்டம் போதும் போதும் என்கிற அளவுக்கு மென்றுவிட்டது.

குள்ளமான ஆள். புருஷன் விட்டுப்போன பழைய ஸ்வெட்டர் ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டிருப்பார். அதன் இடது தோள் எந்நேரமும் ஈரமாக இருக்கும், ஏதாவது ஒரு குழந்தையின் எச்சில். முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் அவர் கஞ்சியை ஊதுவார். எங்கள் மலையில் எதை வைத்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் ஆறிப்போகும். ஆனாலும் அவர் ஊதாமல் ஒரு வாய் ஊட்டமாட்டார். ஊதி, தன் நாக்கின் நுனியில் வைத்துச் சூடு பார்த்து, பிறகுதான் பிள்ளை வாய்க்குக் கொடுப்பார். அந்தத் தோட்டத்தில் இன்று இருபது முப்பது வயதில் இருக்கிற அத்தனை பேரும் அப்படி ஊதிய கஞ்சியைக் குடித்தவர்கள்தான், நானும் என் அக்காவும் உட்பட.

அவருடைய பல் சம்பந்தப்பட்ட கதை ஒன்று உண்டு. பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் கையைக் கடித்துவைத்துவிட்டது. இரண்டு தாய்மாரும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றார்கள். நடுவில் ஆயாம்மா வந்தார்.

"நாந்தாங்க. கொஞ்சுறப்ப வெசையா கடிச்சிப்புட்டேன்."

கடிபட்ட குழந்தையின் கையில் முன்பற்கள் உட்பட வரிசையாகப் பொடிப்பொடிப் பற்களின் தடம். எதிரே நிற்கிறவருக்கோ முன்னால் இரண்டு பல் கிடையாது. இரண்டு தாய்மாரும் அந்தக் கையையும் இந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சண்டை அதோடு முடிந்தது. வெகுநாள்வரை யார் எதைச் செய்தாலும் "ஆயாம்மாதான் கடிச்சாங்க" என்று சொல்லிச் சிரிப்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வழக்கமாக இருந்தது.

எல்லோரும் அவரை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். பால்மா டின்னில் அளவு குறைந்தால் அவர் கொட்டிவிட்டார். மதியம் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த ஒருத்தி அசதியில் தொட்டிலடியில் தூங்கிப்போய் மலைக்குப் பிந்திப்போனால், அவர்தான் பேச்சுக் கொடுத்து நிறுத்திவிட்டார். கிளினிக்குக்கு வந்த நேர்ஸம்மாவின் பிளாஸ்க்கை உடைத்தது உண்மையில் நான். பள்ளிக்கூடச் சட்டையோடு அங்கே விளையாடப் போயிருந்தேன். நேர்ஸம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் ஆயாம்மா கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். திட்டு வாங்கி முடித்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே, கூட்டுமாறை எடுத்துப் பெருக்கினார்.

பெரியவளான பிறகு ஒருமுறை கேட்டேன். "ஏன் ஆயாம்மா இப்பிடி எல்லாத்தையும் நீங்களே தலையில போட்டுக்கிறீங்க?"

"யாராச்சும் ஒருத்தரு ஏத்துக்கிட்டாத்தான தாயி, அடுத்த வேலைய பாக்கலாம்? இவுங்க நின்னு பேசிக்கிட்டே இருப்பாங்க. புள்ளைங்க பசியில கத்துதுங்க."

அவ்வளவுதான் அவருடைய நியாயம். அதில் தியாகம் என்று எதுவும் இருப்பதாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

என் அக்காவின் பையன் அந்தப் பிள்ளைக்காம்பராவில்தான் வளர்ந்தான். வளர்ந்தான் என்று சொல்வதே பெரிய வார்த்தை. எட்டு மாதம் இருந்தான். கொரோனாவெல்லாம் முடிந்து ஊர் பழையபடி ஆகியிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி மூட்டமாக இருந்தும் அக்கா அவனைக் குளிப்பாட்டினாள். அடுத்தநாள் இருமினான். அதற்கடுத்தநாள் மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது. கொழுந்து லொறியை மறித்து ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிமோனியா என்றார்கள். அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது வேறு வண்டியில்.

சாவு வீட்டில் ஆயாம்மா அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "நாந்தாங்க, நான் நல்லா போத்தி விட்டிருக்கணும்" என்று அழுதார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் ஏதாவது சொல்லத்தானே செய்வார்கள். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "தண்ணிய ஊத்துனது நான்தானே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதன்பிறகு அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தானுக்குக் கொழும்பில் கடை வேலை. வந்து சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டார். அக்கா மலைக்குப் போவாள், வருவாள், தட்டில் சோற்றைப் போட்டால் இரண்டு வாய் பிசைந்துவிட்டுத் தள்ளிவைப்பாள். அழமாட்டாள். வருஷம் ஒன்று தாண்டியும் அப்படித்தான். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. அம்மா கோவில் கோவிலாகப் போய் வந்தாள். எனக்கு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சில நாள் எரிச்சல்கூட வந்தது. ஒரே அறையில் ஒருத்தி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கும் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் ஓர் ஆராய்ச்சிக்காக எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நிமோனியாவை உண்டாக்கும் கிருமி, நோய் நொடி இல்லாமல் நன்றாக நடமாடுகிற பெரியவர்களிடம் இருக்கிறதா, இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு காலம் தங்குகிறது என்று பார்க்கவேண்டுமாம். தோட்டத்து ஆட்களுக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொல்ல ஒரு பெண் தேவைப்பட்டது. உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. கழுத்தில் அட்டை தொங்கியது, ஜீப்பில் முன் சீட்டு கிடைத்தது. நான் தரையில் நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தோம். கொரோனாவில் பட்ட அனுபவம் யாருக்கும் மறந்திருக்கவில்லை. குச்சியைப் பார்த்ததும் பாதிப்பேர் தேயிலைச் செடிக்குள் மறைந்துவிட்டார்கள். அகப்பட்டவர்களின் மூக்கிலோ ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

"பெரிய ஆக்களிட்ட இது கொஞ்சமாத்தான் இருக்கும், தங்கச்சி. மூக்குக்குள்ள தேடினா அகப்படாது. துப்பலில தேடவேணும்" என்றார் டொக்டரம்மா.

மூடி போட்ட சின்ன டப்பாக்கள் வந்தன. அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், கொண்டுபோய் ஒரு கரைசலில் வைத்துக் கிருமியை வளர்த்து, பிறகு சோதிப்பார்கள். இதில் இன்னொரு தொல்லை. எங்கள் பெண்கள் விடிந்ததிலிருந்து வெற்றிலை போடுகிறவர்கள். டப்பா சிவந்துவிட்டால் சோதிக்க முடியாது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு நிற்கும்போது, வெற்றிலை போடாமல் வாய் கொப்பளித்துவிட்டு வந்து துப்புங்கள் என்று நான் கெஞ்சினால், "துப்புறதுக்கும் ஒரு டொக்டரா?" என்று சிரித்தார்கள். ஆண்கள் நிற்கிற இடத்தில் டப்பாவில் துப்புவதற்குப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். ஒருத்தியும் முன்னால் வரவில்லை.

நான் நேரே ஆயாம்மாவிடம் போனேன். அவரால் இல்லை என்று சொல்லமுடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். "நீங்க வந்தா எல்லாரும் வருவாங்க ஆயாம்மா. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் வெற்றிலை போடுவதில்லை, பிள்ளைகளுக்கு ஊட்டுகிற வாய் என்பதால். களத்தின் நடுவில் வந்து நின்று டப்பாவில் துப்பி, மூடியைத் திருகி, "போதுமா தாயி, இன்னும் வேணுமா?" என்று கேட்டார். அதைப் பார்த்து எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். அக்காவையும் அம்மா பிடித்துத் தள்ளி அனுப்பினாள். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட நானும் டொக்டரம்மாவும்கூடத் துப்பினோம்.

முடிவு வந்த நாள் நான் டொக்டரம்மாவோடு டிஸ்பென்சரியில் இருந்தேன். என் எச்சிலில் அந்தக் கிருமி இருந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். "ஏன் பயப்படுறீங்கள்? இது வருத்தமில்லை. சுகமா இருக்கிற ஆக்களின்ர தொண்டைக்குள்ள வந்து கொஞ்சக் காலம் இருந்திட்டுத் தானாப் போயிடும். முந்தி ஒருக்கா எனக்கும் இருந்தது. அனேகமா சின்னப் பிள்ளையளிட்ட இருந்துதான் எங்களுக்கு வாறது."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. டிஸ்பென்சரிச் சந்தியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கிருமி இருந்த மற்றவர்களில் எங்கள் லயத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆயாம்மா. இன்னொருத்தி என் அக்கா.

கிருமி இருந்தவர்களிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் மறுபடி எச்சில் எடுக்கவேண்டும், அது எப்போது போகிறது என்று பார்ப்பதற்காக. ஜீப் வீட்டு வாசலுக்கே போகும். ஆட்களுக்கு நடை மிச்சம் என்றுதான் டொக்டரம்மா அப்படி ஏற்பாடு செய்திருந்தார். அவர் வெளியூர். லயம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள், கூரை வரைக்கும் ஏறாத சுவர். ஒரு வீட்டில் இருமினால் ஆறாவது வீட்டில் "என்னா, சளியா?" என்று கேட்பார்கள். கொரோனா நேரத்தில் எந்த வாசலில் ஜீப் நின்றதோ அந்த வீடு பொசிட்டிவ். சாமான் பையைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடுவோம். இது எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். "டொக்டர், ஜீப் வேணாம், எல்லாரையும் டிஸ்பென்சரிக்கு வரச் சொல்லுவோம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து லயத்துக்குள் போகப்போகிறேன் என்பதுதான் அப்போது மனதில் இருந்தது.

முந்தின நாள் பின்னேரம் அனுமதி கேட்க ஆயாம்மாவிடம் போனேன். அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் கிருமி?"

"நிமோனியா கிருமிங்க."

ரொட்டியைத் திருப்பிய கை நின்றது. "ஒங்கக்கா புள்ளைக்கு வந்துச்சே, அதா?"

"அந்த ஜாதிதான். ஆனா அந்தக் கிருமி இது இல்லைங்க ஆயாம்மா. இது கொஞ்ச நாளைக்குத்தான் தங்கும். இப்ப இருக்கறது இப்ப வந்தது. அவன் போயி வருஷம் தாண்டிருச்சி. அதுவும் புள்ளைங்ககிட்ட இருந்துதான் பெரியவங்களுக்கு வர்றது அதிகமாம்."

"அப்ப நான் அவனுக்கு குடுக்கல?"

"குடுத்தீங்கன்னு யாரும் சொல்ல முடியாதுங்க."

"பொறவு யாரு குடுத்தா?"

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. யாரு மேலயும் தப்பில்ல."

அவர் ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டார். "யாரு மேலயும் இல்லைன்னா," என்றார், "ஒங்கக்கா எப்பிடி சோறு திம்பா?"

அக்கா என்றதும் என் முகம் மாறியிருக்கவேண்டும். அவர் என் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்தவர். அடுத்து யார் வீடு என்று அவர் கேட்கவில்லை.

"அவளுக்குமா இருக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லாமலே சொல்லிவிட்டேன்.

"ஜீப்பு அங்க போவக் கூடாது தாயி. போச்சின்னா அவ செத்துருவா. நம்ம எச்சில்தான் நம்ம புள்ளைய கொன்னுச்சின்னு நெனைச்சிக்கிட்டே செத்துருவா. நீ என்னத்தயாச்சும் சொல்லிப்புடு."

அக்கா இனி எச்சில் தரமாட்டாளாம் என்று டொக்டரம்மாவிடம் சொன்னேன். "விருப்பமில்லாட்டி விட்டிடுவம், பரவாயில்லை" என்றார். அக்காவிடம் நான் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் ஜீப் எங்கள் லயத்தில் ஒரே ஒரு வாசலில் நின்றது. எல்லா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலும் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். "ஆயாம்மாவுக்கு பொசிட்டிவாம்" என்பது நாங்கள் டப்பாவை மூடுவதற்கு முன்பே கடைசி வீட்டுக்குப் போய்விட்டது.

அன்று சாயந்தரம் பீலியடியில், தண்ணீர் பிடிக்க எல்லோரும் நிற்கிற நேரத்தில், ஆயாம்மா வந்தார். வாளியைக் கீழே வைத்தார். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அக்காவின் முன்னால் ஓர் அடி எடுத்துவைத்தார். அந்த அடியைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"நாந்தான் தாயி. டொக்டரம்மா கண்டுபுடிச்சிட்டாங்க. கிருமி எங்கிட்டத்தான் இருந்திருக்கு. ஊதி ஊதி ஒன் புள்ளைக்கு நாந்தான் குடுத்துப்புட்டேன். நீ குளிப்பாட்டுனதுல ஒண்ணும் வரல."

சாவு வீட்டில் இதையே சொன்னபோது யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அவரிடம் அத்தாட்சி இருந்தது. அந்த அத்தாட்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மெய்யாவாடி?"

ஆயாம்மாவும் என்னைப் பார்த்தார். முதல்நாள் அடுப்படியில் நான் விளக்கிச் சொன்ன அத்தனையும் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. நான் சொன்னேன்: "அவங்க எச்சில்ல கிருமி இருந்துச்சிதான்க்கா."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அக்கா ஆயாம்மாவின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிக்கொண்டே கத்தினாள். பிள்ளை போனதிலிருந்து அழாதவள் அன்றைக்குத்தான் வாய் விட்டு அழுதாள். "எம்புள்ளைய ஊதியே கொன்னுப்புட்டியேடி" என்று அந்த ஸ்வெட்டரைப் பிடித்துக் கிழித்தாள். ஆயாம்மா அவள் கையைத் தடுக்கவில்லை. விழுந்துவிடாமல் அவள் இடுப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று அக்கா சாப்பிட்டாள். பருப்பும் கருவாடும் வைத்துத் தட்டு நிறையச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்தான் எழுந்துபோய்ச் சோறு போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அடுத்தநாள் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. சிலர் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றார்கள், சிலர் பக்கத்துக் காம்பராக் கிழவிகளிடம் விட்டுப் போனார்கள். "ஊதுன வாயி" என்றார்கள். அவர் ஊதிய கஞ்சியில் வளர்ந்தவர்கள்தான் சொன்னார்கள். டொக்டரம்மா பதறிப்போய் வந்தார். தாய்மாரைக் கூட்டி, இது நோயில்லை, யாரிடமும் இருக்கும், முன்பு தன்னிடமும் இருந்தது என்று சொன்னார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பெரிய மனசுக்காரி, ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"தங்கச்சி, நீங்கள் உங்கட பேச்சில சொல்லுங்கோ, விளங்கும்" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. எனக்கும் இருக்கிறது என்று சொல்லவில்லை. டொக்டரம்மா சொன்னதை நம்பாதவர்கள் நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நான் அவர்களில் ஒருத்தி, அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள். ஆனால் அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மகனை ஒவ்வொரு நாளும் மடியில் வைத்துக் கொஞ்சியவள் நான். அவள் முகத்தில் இரத்தம் ஊற ஆரம்பித்திருந்தது. அதற்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதிதான் உண்மை. மீதிப்பாதி வெறும் பயம். என் வாசலில் ஜீப் நின்றதே இல்லை. நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஆயாம்மாவிடம் இரண்டாவது முறை எடுத்த எச்சிலில் கிருமி இல்லை. போய்விட்டிருந்தது. அதைத் தோட்டத்தில் சொன்னேன். "மருந்து குடுத்திருப்பாங்க" என்றார்கள். என்னுடையது அவருடையதைவிட அதிக நாள் இருந்துவிட்டுத்தான் போனது.

துரை வேறொரு பெண்ணைப் பிள்ளைக்காம்பராவுக்குப் போட்டார். ஆயாம்மாவின் மகன் கொட்டகலையில் ஓட்டோ ஓட்டுகிறான். அவன் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போனான். போகிற அன்று, எந்தப் பிள்ளையை எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கவேண்டும் என்று புதுப்பெண்ணுக்கு வாசலில் நின்றே சொல்லிக்கொடுத்தார். உள்ளே வரவில்லை. அலுமாரியின் மற்றச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, எங்கே என்று மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கையா அதட்டினார்.

"நாந்தாங்க, எங்கயோ தொலைச்சிப்புட்டேன்" என்றார்.

திறப்பு கண்டாக்கையாவின் மேசையிலேயே இருந்தது பிறகு தெரிந்தது.

நான் அவரை வழியனுப்ப ஓட்டோவரை போனேன். மன்னிப்பு என்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. "சாப்புடுறாளா?" என்று கேட்டார். "நல்லா சாப்புடுறாங்க" என்றேன். "அப்ப சரி. நீ ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

அக்காவுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. போன மாதம் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வரும் வழியில் கொட்டகலைக் கடைவீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா குழந்தையை வைத்திருந்தாள், பை என்னிடம். எதிர்ப் பக்கத்தில், ஓட்டோக்கள் நிற்கிற இடத்தில், ஆயாம்மா நின்றுகொண்டிருந்தார். ஸ்வெட்டர் புதிது. தோள் காய்ந்திருந்தது.

எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓர் அடி முன்னால் வந்தார். உடனே நின்றுவிட்டார். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அவரிடம் இப்போது கிருமி ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். அக்கா பார்க்கிறாள் என்றும் தெரியும். அக்கா குழந்தையின் முகத்தைத் தன் தோளுக்குள் திருப்பிக்கொண்டாள்.

அந்த அவசரத்தில் குழந்தையின் ஒரு காலுறை கழன்று சேற்றில் விழுந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. எதிரே ஆயாம்மா வாயை மூடிய கையை எடுக்காமல் மற்றக் கையால் கீழே சுட்டிக் காட்டினார். ஓடிவந்து எடுத்துக் கொடுக்கிறவர், அங்கேயே நின்று விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா அப்போதுதான் வெறுங்காலைப் பார்த்தாள். குளிர்க்காற்று அடித்துக்கொண்டிருந்தது. "யாருடி இத சரியா மாட்டாம விட்டது?" என்று சீறினாள். அவள்தான் மாட்டியிருந்தாள். ஊசி போட்ட பிறகு, என் கண் முன்னால்.

"நாந்தாங்க்கா" என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் என் வாயில் வந்தது, ஒரு காலுறைக்காக. குனிந்து அதை எடுத்து, சேற்றை உதறி, என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஆயாம்மா இன்னும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வாயை மூடிக்கொண்டு.